தறி வித்த காசு 6 லட்சம் இருக்கு, சாலிட் ஸ்டேட் பேட்டரி கம்பெனி ஷேர்ல போடலாமா?

தறிவீட்டுப்பையன் (பள்ளிபாளையம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

எங்க வீட்டுல 12 தறி ஓடிட்டு இருந்துச்சு. அப்பா 30 வருஷமா கூலிக்கு தறி ஓட்டுனவரு. கரண்ட் பில்லு, ஆள் கூலி எதுவும் கட்டுப்படி ஆகல, போன பொங்கல் முடிஞ்சு எல்லாத்தையும் எடைக்கு போட்டுட்டோம். அந்த காசு, நான் சம்பளத்துல சேத்து வெச்சது ரெண்டும் சேந்து கையில 6 லட்சம் இருக்குதுங்க. கடன் எதுவும் இல்லை. அப்பா பேங்க்ல போடுங்கறாரு.

நான் தினமும் பெருந்துறை சிப்காட்டுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல போய்ட்டு வரேன். வாங்குனப்ப ஃபுல் சார்ஜ்ல 95 கிலோமீட்டர் வந்துச்சு, மூணாவது வருஷம் 65-க்கு மேல தாண்டறதில்ல, சர்வீஸ்ல கேட்டா செல்லுக்கு வயசாயிருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எந்த வண்டின்னு இங்க வேண்டாங்க, அதுக்காக எழுதல. அன்னைல இருந்துதான் பேட்டரி பத்தி தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன். சாலிட் ஸ்டேட்னு ஒண்ணு வருது, உள்ள திரவத்துக்கு பதிலா திடப்பொருள் வெச்ச பேட்டரி, தீப்பிடிக்காது, பத்து பதினஞ்சு நிமிஷத்துல சார்ஜ் ஏறும், கார் ஒரே சார்ஜ்ல ஆயிரம் கிலோமீட்டர் போகும்னு வீடியோல எல்லாம் சொல்றாங்க. குவான்டம்ஸ்கேப்னு அமெரிக்க கம்பெனி ஷேர் 2025 ஜூன்ல 4, 5 டாலர்ல கிடந்தது அக்டோபர்ல 15 டாலரையே தாண்டிருச்சு. பாக்கப்பாக்க தூக்கம் வரலைங்க.

கேள்வி இதுதான். 6 லட்சத்தையும் அதுல போட்டு ஒரு 5 வருஷம் தொடாம வெச்சா தப்பா? இல்ல நம்ம ஊர் பேட்டரி கம்பெனி எக்ஸைடு, அமர ராஜா மாதிரி எடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கஷ்டப்பட்டு சேத்த காசுங்க.

சேலத்து_ராஜி

தம்பி, மொத்தமா மட்டும் போட்டுடாதப்பா. நான் போட்டு அனுபவிச்சவ, அதனால சொல்றேன்.

2021 ஜனவரி. லாக்டவுன்ல வீட்டுல உக்காந்து அமெரிக்க ஷேர் வாங்கற ஆப் எல்லாம் இறக்கி வெச்சிருந்தேன். ஒரு பேட்டரி கம்பெனி, பேர் வேண்டாம், ஸ்பேக் வழியா மார்க்கெட்டுக்கு வந்தது. ஸ்பேக்னா உள்ள தொழில் எதுவும் இல்லாத ஒரு காலி கம்பெனிய முதல்ல லிஸ்ட் பண்ணி காசு திரட்டி வெச்சுக்குவாங்க, அப்புறம் நிஜமா தொழில் பண்ற கம்பெனிய அதோட சேத்துடுவாங்க. அந்த வழியில வர்றவங்க இன்னும் அஞ்சாறு வருஷத்துல இவ்ளோ சம்பாதிப்போம்னு கணிப்பு போட்டு காட்டலாம். எனக்கு காட்டுனதுல அந்த வருஷம் வருமானம் பூஜ்யம், 2025-ல கொஞ்சம், 2028-ல வானத்துக்கு ஏறுது, நீலக்கலர்ல படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா ஒரு படம். அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என் போன்ல இருக்கு, அழிக்க மனசு வரல.

பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்ததுல 2 லட்சத்து 40 ஆயிரம் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு 41 ஆயிரத்துக்கு வித்தேன். அந்த ரெண்டு வருஷமும் கம்பெனில இருந்து நல்ல சேதியாத்தான் வந்துச்சு, சாம்பிள் அனுப்பிட்டோம், டெஸ்ட் பாஸாயிடுச்சுன்னு. சேதி நல்லா இருக்கு, ஷேர் மட்டும் இறங்குது, எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். வருமானமே இல்லாத கம்பெனி சம்பளம், மெஷின், கரண்ட்டுக்கெல்லாம் எங்க போகும், புது ஷேர் அச்சடிச்சு வித்துத்தான் ஆகணும். ஒவ்வொரு தடவை விக்கறப்பவும் நம்ம கையில இருக்கறதோட பங்கு தேயும். ஒரு பானை குழம்புல தண்ணி ஊத்திட்டே இருக்கற மாதிரி.

நீ சொன்ன குவான்டம்ஸ்கேப்பையே எடுத்துக்கோ, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. 2020 நவம்பர்ல ஸ்பேக்ல வந்தது, அடுத்த மாசமே 130 டாலரைத் தொட்டுச்சு. அன்னைக்கு வாங்குனவங்களுக்கு நீ பாத்த 15 டாலர் ஏத்தம் எப்படி தெரியும்னு யோசிச்சுப் பாரு. அப்பா சொல்றதை காது கொடுத்து கேளுப்பா.

ட்ரைரூம்

நான் லித்தியம் செல் தயாரிக்கற லைன்ல ப்ராசஸ் இன்ஜினியர், எந்த கம்பெனின்னு சொல்ல முடியாது. ஷேர் பத்தி எனக்கு பெருசா தெரியாது, ஆனா இந்த வீடியோக்காரங்க சொல்லாம விடற ஒரு விஷயம் இருக்கு, நீங்க தறிக்காரர் வீடுன்னு சொன்னதால உங்களுக்கு டக்குனு புரியும்.

செல் செய்யறது பாதி வேலை நெசவு மாதிரிதான் ப்ரோ. 6, 8 மைக்ரான் கனத்துல காப்பர் ஃபாயில், தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு. அது ஒரு பக்கம் பெரிய ரோல்ல இருந்து அவிழ்ந்து வரும், மேல கருப்பு மாவு மாதிரி ஒரு கலவை பூசுவோம், நீளமான ஓவன்குள்ள காஞ்சு போய், அந்தப் பக்கம் இன்னொரு ரோல்ல சுத்தும். இழுவை கொஞ்சம் கூடுனா ஃபாயில் கிழியும், குறைஞ்சா சுருக்கம் விழும். உங்க அப்பா பாவு (நீளவாக்கு நூல்) இழுவை பாத்து பாத்து தறி ஓட்டுனாரு பாருங்க, அதே கைப்பக்குவம். பூச்சு ஓரத்துல ஒரு இடத்துல கனம் கூடிருச்சுன்னா அந்த மீட்டர் முழுக்க கழிவு. வெட்டறப்ப ஓரத்துல கண்ணுக்கு தெரியாத பிசிறு நின்னுச்சுன்னா அது உள்ள ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வெக்கற சவ்வை குத்தி ஷார்ட் ஆகும்.

அப்புறம் ட்ரைரூம். எலக்ட்ரோலைட், அதாவது செல்லுக்குள்ள லித்தியம் நகர உதவற திரவம், ஊத்தற பக்கமெல்லாம் காத்துல ஈரமே இருக்கக்கூடாது, ட்யூ பாயின்ட் (காத்துல இருக்கற ஈரம் படிய ஆரம்பிக்கற வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்கு கீழ. நம்ம மூச்சுல வர்ற ஈரமே கணக்குல வரும்னு ஒரு நேரத்துல இத்தனை பேர்தான் உள்ள நிக்கலாம்னு கதவுல எழுதி ஒட்டியிருப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா உதடு வெடிச்சிருக்கும். கரண்ட் பில்லுல பெரிய பங்கு அந்த ரூமுக்குத்தான் போகுது. செல் மூடி, முதல் சார்ஜ் ஏத்தி, ரெண்டு மூணு வாரம் ரேக்ல வெச்சு வோல்டேஜ் தானா இறங்குதான்னு பாத்து, அப்புறம்தான் வெளிய அனுப்புவோம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். புது லைன் ஆரம்பிச்சா முதல் சில மாசம் செய்யறதுல பெரும் பகுதி கழிவாத்தான் போகும். கருப்பு ட்ரம் ட்ரம்மா நல்ல நிக்கலும் லித்தியமும் வெளிய போறத பாத்தா வயிறு எரியும். நூறு செல்லுக்கு 90-க்கு மேல நல்லது வந்தாத்தான் காசு நிக்கும். இதுல நாங்க செய்யறது 1991-ல சோனி கடைக்கு கொண்டு வந்ததுல இருந்து உலகமே 30 வருஷத்துக்கு மேல பழகுன லிக்விட் செல், அதுக்கே இந்தப் பாடு.

சாலிட் ஸ்டேட்ல அந்த லிக்விடுக்கும் பிளாஸ்டிக் சவ்வுக்கும் பதிலா மெல்லிசா ஒரு செராமிக் தகடு, இல்லன்னா சல்ஃபைடு தூள் வெச்சு அழுத்துன லேயர். சார்ஜ் ஏத்தறப்ப லித்தியம் முள்ளு முள்ளா வளந்து சவ்வை குத்திட்டு அந்தப் பக்கம் போயிடும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவும். தகடுல எங்கயாவது ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தா முள்ளு அது வழியா போயிடும். லேப்ல காசு சைஸ் செல்லுல நல்ல தகடு ஒண்ணு எடுத்து டெஸ்ட் பண்ணி காட்டிடலாம், எனக்கே பழக்கம். ஒரு காருக்கு அந்த மாதிரி லேயர் ஆயிரக்கணக்குல வேணும், ஒண்ணுகூட வெடிக்கக்கூடாது, அதுவும் குண்டுகுழி ரோட்டுல 10 வருஷம். சல்ஃபைடு வழியில போனா ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கற விஷ வாயு, அதனால ட்ரைரூம் இன்னும் கெடுபிடி.

முடியாதுன்னு சொல்லல. குவான்டம்ஸ்கேப் 2010-ல ஆரம்பிச்சது, 2024 அக்டோபர்லதான் பி சாம்பிள் (கார் கம்பெனி சோதிக்கறதுக்கு கொடுக்கற ரெண்டாம் கட்ட மாதிரி செல்) வெளிய அனுப்புனாங்க, 2025 செப்டம்பர்ல மியூனிக் ஷோல டுகாட்டி பைக்ல வெச்சு ஓட்டிக் காட்டுனாங்க. நான் அந்த வீடியோவை நாலு தடவை பாத்தேன், உண்மையிலேயே பெரிய சாதனை. 15 வருஷம் ஆயிருக்குங்கறதையும் சேத்து பாருங்க. ஏ, பி, சி சாம்பிள் எல்லாம் தாண்டி, அப்புறம்தான் லைன் ஓட்டி கழிவை குறைக்கற வேலையே ஆரம்பிக்கும்.

நார்த்வோல்ட்னு ஒரு பேட்டரி கம்பெனி கதைய தேடிப் படிங்க. டெஸ்லால இருந்து வந்தவர் ஆரம்பிச்சது, ஸ்வீடன் வடக்குல ஷெலஃப்டியோன்னு ஒரு ஊர்ல ஃபேக்டரி, ஃபோக்ஸ்வேகன், கோல்ட்மேன் சாக்ஸ் எல்லாம் பணம் போட்டு கிட்டத்தட்ட 1,500 கோடி டாலர் திரட்டுனாங்க. அவங்க பிரதானமா செஞ்சது சாதாரண லித்தியம் அயன்தான். சொன்ன அளவு, சொன்ன நேரத்துல செல் வெளிய வரல. 2024-ல பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து பண்ணுச்சு, 2025 மார்ச்ல திவால். அந்த சேதி வந்த அன்னைக்கு எங்க லைன்ல யாரும் அதிகம் பேசல.

கோவை_ஈவி

எல்லாரும் சேந்து தம்பிய பயமுறுத்துறீங்க. இன்னொரு பக்கமும் இருக்குங்க.

ஃபோக்ஸ்வேகனோட பேட்டரி கம்பெனி பவர்கோ 2024 ஜூலைல குவான்டம்ஸ்கேப்கிட்ட லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டிருக்கு, வருஷத்துக்கு 40 கிகாவாட் ஹவர் (ஒரு கிகாவாட் ஹவர்னா கரண்ட் பில்லுல வர்ற யூனிட் 10 லட்சம்) வரைக்கும், வேணும்னா 80 வரைக்கும் தயாரிக்கலாம்னு. டொயோட்டா ஜப்பான் எண்ணெய் கம்பெனி இடெமிட்சுவோட சேந்து 2027, 28-ல காருக்கு கொண்டு வரோம்னு சொல்லியிருக்கு. சாம்சங் எஸ்டிஐயும் 2027-ன்னு சொல்லுது. இவங்க யாரும் சின்ன ஆளுங்க இல்ல. பேட்டரி பேக் விலை 2010-ல ஒரு கிலோவாட் ஹவருக்கு ஆயிரம் டாலருக்கு மேல, ப்ளூம்பெர்க் கணக்குப்படி 2024-ல 115 டாலர். 2010-ல இதை யாராவது நம்பியிருப்பாங்களா?

வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் 2008-ல சீனாவோட பிஒய்டி கம்பெனில 23 கோடி டாலர் போட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க. 14 வருஷம் கழிச்சு 2022-லதான் விக்கவே ஆரம்பிச்சாங்க, போட்டதுக்கு பல மடங்கு. பொறுமை வேணும் அவ்ளோதான். நானும் சாலிட் ஸ்டேட்ல கொஞ்சம் வெச்சிருக்கேன், மொத்த சேமிப்புல நூத்துக்கு 3 ரூபா. முழுசா போனாலும் வீட்டுல அடுப்பு எரியும், அந்த அளவுக்கு போடறது தப்பில்லைங்கறது என் கருத்து. 6 லட்சமும் வேண்டாம், அதுல ராஜி அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

மதுரை_கெமிஸ்ட்ரி

கோவைத் தம்பி பிஒய்டி உதாரணம் சொன்னதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2008-ல பிஒய்டி ஏற்கனவே நோக்கியாவுக்கும் மோட்டரோலாவுக்கும் செல்போன் பேட்டரி செஞ்சு வித்துக்கிட்டு இருந்த கம்பெனி. 1995-ல ஆரம்பிச்சது, வருமானம் வந்துக்கிட்டு இருந்துச்சு, லைன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பஃபெட் பணம் போட்டது லேப் கனவுல இல்ல.

நான் 28 வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவன், ரிட்டயர்டு. இந்த மொத்த விஷயத்துல எனக்கு மனசுல நிக்கிற கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னா இந்தப் பையன் கேள்விக்கே பதில் கிடைக்கும்னு நினைக்கிறேன்.

2024-ல உலகத்துல வித்த எலக்ட்ரிக் கார் பேட்டரியில ஏறக்குறைய பாதி எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், சூடு தாங்கும், ஆயுசு ஜாஸ்தி. இது டெக்சாஸ் யுனிவர்சிட்டியில ஜான் குட்எனஃப் லேப்ல 1996, 97 வாக்குல வந்தது. அதுக்கு அடித்தளம் போட்ட பாலிஆனியன் (சல்ஃபேட், பாஸ்பேட் மாதிரி அணுக்கூட்டம் உள்ள பொருட்கள்) வேலையை அவரோட சேந்து 80-கள் கடைசியில செஞ்சவரு யார் தெரியுமா, நம்ம ஆறுமுகம் மந்திரம். தெக்குச் சீமையில சின்ன கிராமத்துல பொறந்து, மதுரை யுனிவர்சிட்டியில படிச்சு, ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி முடிச்சு, குட்எனஃப்கிட்ட போய்ச் சேந்தவரு. 2019-ல குட்எனஃப்புக்கு நோபல் கெடைச்சப்ப அவருக்கு வயசு 97, ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரையைப் படிச்சது மந்திரம் சார்தான். அதை நான் டிவியில பாத்துட்டு எழுந்து நின்னுட்டேன், வீட்டுல என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்காவுல எம்ஐடியில இருந்து 2001-ல கிளம்புன ஏ123 சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி, இதே எல்எஃப்பியத்தான் கார் பேட்டரியாக்கக் கிளம்புச்சு. அரசாங்கம் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் மானியம் ஒதுக்குச்சு. 2009 செப்டம்பர்ல 13.50 டாலருக்கு ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் ஷேர் விற்பனை), எல்லாரும் ஓடிப்போய் வாங்குனாங்க. அப்புறம் ஃபிஸ்கர் கார்மாங்கற காருக்குக் கொடுத்த செல்லுல தயாரிப்புக் குறை, திரும்ப வாங்க வேண்டியதாப் போச்சு. காரும் எதிர்பார்த்த அளவு விக்கல. 2012 அக்டோபர்ல திவால். வான்சியாங்னு ஒரு சீனக் கம்பெனி ஏலத்துல எடுத்துக்கிட்டுப் போச்சு.

பாருங்க, 2009-ல எல்எஃப்பிதான் ஜெயிக்கும்னு ஒருத்தர் சரியாக் கணிச்சிருந்தாலும், அந்த ஷேரை வாங்குனவருக்கு மூணே வருஷத்துல பூஜ்யம். அதே எல்எஃப்பிய சீனாவுல சிஏடிஎல்லும் பிஒய்டியும் பெரிய அளவுல செஞ்சு, 2020-ல பிஒய்டியோட பிளேடு பேட்டரி (நீளமான தட்டை எல்எஃப்பி செல்) வந்து, அவங்க இன்னைக்கு உலகத்துக்கே விக்கிறாங்க. அதனால தம்பி, சாலிட் ஸ்டேட் வருமாங்கற கேள்விக்கு நான் வரும்னுதான் சொல்லுவேன். இந்தக் கம்பெனி அன்னைக்கு உயிரோட இருக்குமா, அதுவரைக்கும் செலவுக்கு யார் காசு கொடுப்பா, இந்த ரெண்டையும் கேட்டுட்டு வாங்குங்க.

தறிவீட்டுப்பையன் (பள்ளிபாளையம்)

ஐயா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ட்ரைரூம் அண்ணன் எழுதுனத அப்பாகிட்ட படிச்சு காட்டுனேன், பாவு இழுவைன்னதும் நிமிந்து உக்காந்துட்டாரு.

அப்ப சோடியம் அயன் எப்படிங்க? உப்புல இருந்து வருது, விலை கம்மின்னு சொல்றாங்க. அப்புறம் எக்ஸைடு, அமர ராஜா பத்தி யாரும் சொல்லலியே.

கோவை_ஈவி

சோடியம் நல்ல விஷயம்தாங்க, குளிர் தாங்கும், காப்பர் ஃபாயிலுக்கு பதிலா ரெண்டு பக்கமும் அலுமினியம் போதும். ஆனா அதோட தலையெழுத்து லித்தியம் விலைய புடிச்சு நிக்குது. 2022 நவம்பர்ல சீனாவுல லித்தியம் கார்பனேட் டன்னு கிட்டத்தட்ட 6 லட்சம் யுவான், அப்ப எல்லாரும் சோடியம் சோடியம்னாங்க. 2023 முடியறப்ப அது ஒரு லட்சம் பக்கத்துல வந்துருச்சு. லித்தியமே மலிவா கெடைக்கறப்ப எடை ஜாஸ்தியான சோடியத்தை யாரு வாங்குவா. அமெரிக்காவுல நேட்ரான்னு சோடியம் கம்பெனி 2025 செப்டம்பர்ல மூடிட்டாங்க. சிஏடிஎல் மாதிரி எல்லாத்தையும் செய்யறவங்களுக்கு அது இன்னொரு சரக்கு, அவங்க தாங்குவாங்க. நம்ம ரிலையன்ஸ்கூட 2021 கடைசில பிரிட்டன்ல ஃபாரடியானை 10 கோடி பவுண்டு மதிப்புல வாங்குனாங்க, ஆனா சோடியத்துக்காக யாரும் ரிலையன்ஸ் ஷேர் வாங்க முடியாது, அது அவ்ளோ பெரிய கடல்ல ஒரு சொட்டு.

எக்ஸைடு பெங்களூர் பக்கம் 12 கிகாவாட் ஹவருக்கு ஃபேக்டரி, டெக்னாலஜி சீனாவோட எஸ்வோல்ட்கிட்ட. அமர ராஜா தெலங்கானா மகபூப்நகர்ல, 2024-ல சீனாவோட கோஷன்கிட்ட எல்எஃப்பி லைசென்ஸ். ரெண்டு பேருக்கும் இன்னைக்கு சோறு போடறது பழைய லெட் ஆசிட் பேட்டரிதான், காருக்கு, இன்வெர்ட்டருக்கு போடறோமே அது. அதனால திடீர்னு பூஜ்யம் ஆகாது, அதே காரணத்தால ராக்கெட் மாதிரியும் ஏறாது. கவனிக்க வேண்டியது என்னன்னா 2025 ஜூலைல சீனா எல்எஃப்பி கேத்தோடு (செல்லோட பாசிட்டிவ் பக்கப் பொருள்) தயாரிக்கற டெக்னாலஜிய வெளிய கொடுக்க அரசாங்க அனுமதி வேணும்னு சொல்லிருச்சு. நூல் அவங்ககிட்ட இருக்கு, நாம கூலிக்கு நெய்யறோம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கிருஷ்ணகிரில ஓலா செல் ஃபேக்டரி இருக்கு, 2024 ஆகஸ்ட் ஐபிஓல 76 ரூபா, அதே மாசம் 157 வரைக்கும் போச்சு, அடுத்த வருஷமே 50-க்கு கீழ. ஃபேக்டரி நம்ம ஊர்ல இருக்குங்கறதுக்காக வாங்கிடாதீங்க.

சேலத்து_ராஜி

பேட்டரிதான் வேணும்னு மனசு கேக்கலன்னா மாசம் ஆயிரம் ரெண்டாயிரம்னு போடு தம்பி. ஒரே நாள்ல போட்டா அந்த ஒரு நாள் விலைதான் உன் தலையெழுத்து. அமெரிக்க ஷேர்னா டாலர் மாத்தற சார்ஜ், வருமான வரில வெளிநாட்டு சொத்துன்னு தனியா காட்டறது, இதெல்லாம் இருக்கு. நான் முதல் வருஷம் காட்டாம விட்டுட்டு ஆடிட்டர் வீட்டுக்கு அலைஞ்சேன்.

தறிவீட்டுப்பையன் (பள்ளிபாளையம்)

நேத்து ராத்திரி அப்பாவும் நானும் உக்காந்து பேசுனோமுங்க. 4 லட்சம் அப்பா அம்மா பேர்ல பேங்க்ல டெபாசிட். ஒரு லட்சத்து 70 ஆயிரம் சாதாரண இன்டெக்ஸ் ஃபண்டுல (மார்க்கெட் குறியீட்டுல இருக்கற எல்லா ஷேரையும் அதே அளவுல வாங்கற ஃபண்டு), அதுவும் மாசாமாசம் பிரிச்சு. மீதி 30 ஆயிரம் பேட்டரிக்குன்னு ஒதுக்கியிருக்கேன், பாதி அமர ராஜா, பாதி இன்னும் முடிவு பண்ணல. மதுரை ஐயா சொன்ன ரெண்டு கேள்வியையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், குவான்டம்ஸ்கேப் கணக்கு அறிக்கைல கையிருப்பு எவ்வளவு, மூணு மாசத்துக்கு செலவு எவ்வளவுன்னு பாக்கப் பழகிட்டு இருக்கேன்.

ட்ரைரூம் அண்ணா, ஒண்ணு கேக்கலாங்களா. தம்பி ஈரோட்டுல டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம். சின்ன வயசுல இருந்து தறியில கிடந்தவன், பாவு ஏத்துவான், அறுந்தா கட்டுவான், மெஷின் சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லுவான். உங்க மாதிரி லைன்ல டிப்ளமோ பசங்கள எடுப்பாங்களா?

ட்ரைரூம்

எடுப்பாங்க ப்ரோ. கோட்டிங் (பூசறது), ஸ்லிட்டிங் (வெட்டறது), வைண்டிங் (சுத்தறது) மூணுலயும் ஆபரேட்டர், மெயின்டனன்ஸ் ரெண்டுக்குமே டிப்ளமோதான் கேப்பாங்க. பேட்டரி கெமிஸ்ட்ரி உள்ள வந்து கத்துக்கலாம், ஓடற ரோல்ல சுருக்கம் எங்க இருந்து வருதுன்னு கண்ணால பாத்து சொல்ற ஆள் கிடைக்கறதுதான் எங்களுக்கு கஷ்டமா இருக்கு. சர்வோ மோட்டார், பிஎல்சி (மெஷினை இயக்கற கன்ட்ரோலர்) அடிப்படை மட்டும் இந்த லீவுல கத்துக்க சொல்லுங்க. இன்டர்வியூல தறி ஓட்டுன விஷயத்தை மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க, முதல்லயே சொல்லட்டும். எனக்கு தனிமடல்ல அவன் எந்த மாசம் முடிக்கறான்னு அனுப்புங்க.